இடுப்பில் கை வைத்த தாயார்

அத்தியாயம் 5

பூமா மேடம் பயந்து நான் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு போலி டாக்டரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துரத்தியபோதுகூட, நடுவில் நின்று ஒரு முழம் மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டுதான் துரத்தினார். அப்பேர்ப்பட்டவர் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஸ்ரீரங்கம் அகளங்கன் மேல்நிலைப் பள்ளியின் கேட்டுக்கு வெளியே ஆட்டோவை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஐந்து நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"மேடம், மீட்டர் ஓடுது."

"இந்த ஊர்ல எந்த ஆட்டோவுல மீட்டர் ஓடியிருக்கு? சும்மா இரு."

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். நியாயம்தான் என்று பட்டிருக்க வேண்டும், மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டார்.

நான் சிவசங்கர். சொந்த ஊர் உப்பிலியபுரம். காபிப் பொடிக் கடை மாடியில் இருக்கும் 'பூமா துப்பறியும் நிலைய'த்தின் ஒரே உதவியாளர், ஒரே டிரைவர், ஒரே டீ வாங்குபவர். அன்றைக்குக் கூடுதலாக ஒரே சுமை தூக்கி. எங்கள் இருவர் முழங்காலுக்கும் நடுவில் ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டி இருந்தது. உள்ளே கொலுப் பொம்மைகள். மேடத்தின் வீட்டுப் பரணிலிருந்து அதை இறக்கியபோது என் இடுப்பில் ஏதோ 'கடக்' என்றது. இன்னும் அது பழைய இடத்துக்குத் திரும்பவில்லை.

"இருபத்தெட்டு வருஷம் ஆச்சு சிவா, நான் இந்த கேட்டைத் தாண்டி."

"ஏன் மேடம், ஹோம்வொர்க் பாக்கியா?"

"ஒரு வழக்கு பாக்கி. என் முதல் வழக்கு. நான் கண்டுபிடிக்காத ஒரே வழக்கும் அதான்."

ஆட்டோவிலேயே சொன்னார். தொண்ணூற்று ஏழாம் வருஷம், பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு. மாவட்டக் கபடிப் போட்டியில் பள்ளிக்கூடம் சுழற்கோப்பை வாங்கியது. கேப்டன் காத்தான், சமயபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன பையன். நவராத்திரிக்கு முதல் நாள் பள்ளி ஹாலில் கொலு அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அப்போது காத்தான் ஹெட்மாஸ்டர் அறையிலிருந்து கோப்பையோடு வெளியே வந்ததை, பள்ளி மாணவர் தலைவன் வரது பார்த்துவிட்டான். மறுநாள் கோப்பை இல்லை.

"காத்தான் என்ன சொன்னார்?"

"கொலுவுல சாமி காலடியில வைக்கலாம்னு எடுத்தேன், ஹால் மேஜை மேல வச்சேன், பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிட்டேன்னு சொன்னான். ஒருத்தரும் நம்பலை. ஸ்கூல் முழுக்கத் தேடினோம். அவன் வீடு வரைக்கும் போய்ப் பெட்டி படுக்கையெல்லாம் உதறிப் பார்த்தா. தீபாவளிக்குள்ள டி.சி. கொடுத்து அனுப்பிட்டா."

"நீங்க நம்புனீங்களா?"

"நம்பினேன்."

"அதை அப்பவே சொன்னீங்களா?"

மேடம் சட்டென்று ஆட்டோவிலிருந்து இறங்கினார். நான் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டேன்.

*

பள்ளிக்கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வயதுக்காரர்கள் நாற்பது பேர், பதினைந்து வயதில் கத்திய அதே சத்தத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். பழைய பட்டப் பெயர்களைச் சொல்லி ஒருவரையொருவர் துரத்தினார்கள். ஒரு பெரிய மனிதரை 'எலிவால்' என்று கூப்பிட்டதும் அவர் சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தார்.

வாசலில் வரவேற்றது லிசி. அதே வகுப்பில் படித்தவர், இப்போது அதே பள்ளியின் தலைமை ஆசிரியை. கூட்டத்தையெல்லாம் ஏற்பாடு செய்தது வரது. ஏதோ ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். எதைச் சொன்னாலும் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோலவே சொல்வார்.

"திட்டம் இதுதான். தொண்ணூத்தி ஏழுல வச்ச அதே கொலுவை, அதே பொம்மைகளோட, ஸ்கூலுக்கு நாமளே வச்சுக் கொடுத்துட்டுப் போறோம். நாலு பெட்டி பொம்மை. எங்காத்துது, மைத்ரேயி ஆத்துது, ஸ்கூலோடது, பூமா ஆத்துது. பெட்டிகளையே படியா அடுக்கிடலாம்."

"பெட்டியை யார் அடுக்கப் போறா?" என்றார் மேடம்.

"நான்தான். அன்னைக்கும் நான்தானே அடுக்கினேன்."

குரல் கதவருகிலிருந்து வந்தது. ஆறடி உயரம், வெள்ளைச் சட்டை, காதோரம் நரை. காத்தான். காந்தி மார்க்கெட் பக்கம் வாழை மண்டி வைத்திருக்கிறாராம். விருந்துக்கு இலை முழுக்க அவர் உபயம், தன் சின்ன லாரியில் அவரே ஓட்டி வந்திருந்தார். லிசி மூன்று முறை போய் அழைத்த பிறகுதான் வரச் சம்மதித்தாராம்.

"பூமா, நல்லா இருக்கியா? பேப்பர்ல பார்த்தேன். நீ பெரிய துப்பறியிற ஆளாமே."

"நல்லா இருக்கேன் காத்தான்," என்றார் மேடம். சொல்லிவிட்டுத் தகரப் பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்போதுதான் லிசி அலமாரியிலிருந்து பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். எல்லாரும் ஓவென்று கத்திக்கொண்டு பெஞ்சுகளில் போய் உட்கார்ந்தார்கள். லிசி எண்ணையும் பேரையும் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். பன்னிரண்டு, பதிமூன்று என்று வாசித்துக்கொண்டே வந்தவர் சட்டென்று நின்றார். பிறகு, "பதினைந்து" என்றார்.

பதினான்காம் பேரைச் சிவப்பு மையால் அடித்திருந்தது, என் இடத்திலிருந்தே தெரிந்தது. காத்தான் கதவுச் சட்டத்தில் சாய்ந்தபடி சிரித்தார். "பரவால்ல லிசி, நீ படி. நான் போயி பெட்டியைப் பிரிக்கிறேன்" என்று ஹாலுக்குப் போய்விட்டார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

*

மற்றவர்கள் மைதானத்தில் குரூப் போட்டோவுக்கு நின்றார்கள். உயர வரிசையா, உருண்டை வரிசையா என்று இருபது நிமிஷம் விவாதம். போட்டோ முடிந்து கூட்டம் ஹாலுக்குள் நுழைந்தது. முதலில் நுழைந்த வரது நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

நான்கு பெட்டிகளும் காலியாகி, படிகளாக அடுக்கப்பட்டிருந்தன. துணி சுற்றிய பொம்மைகள் ஜமக்காளத்தில் ஒரே குவியலாகக் கிடந்தன. குவியலுக்கு நடுவே காத்தான் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கையில், கறுத்துப்போன ஒரு கோப்பை. ஒரு சாண் உயரம், இரண்டு பக்கமும் பெரிய கைப்பிடி.

"மாவட்டக் கபடிச் சுழற்கோப்பை," என்று யாரோ எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"அன்னைக்கும் உன் கையிலதான் பார்த்தேன்," என்றார் வரது. "இன்னைக்கும் உன் கையிலதான் இருக்கு."

"டேய் வரது, இது பொம்மைக்கு நடுவுல இருந்துச்சு. பிரிச்சேன், வந்துச்சு."

"எந்தப் பெட்டியிலேர்ந்து?"

"படி அடுக்கணும்னு நாலு பெட்டியையும் மொத்தமா கொட்டினேன். எதுலேர்ந்துன்னு எனக்கென்னடா தெரியும்?"

"ரொம்ப சௌகர்யம். இத்தனை வருஷம் கழிச்சு மனசு உறுத்தித்து, இலைக்கட்டோட எடுத்துண்டு வந்து இதுல சொருகிட்டே. போகட்டும்டா, யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. திருப்பிக் கொடுத்துட்டியே, அதுவே போறும்."

மன்னிப்பதுபோல் திட்டுவது பெரிய கலை. வரது அதில் டாக்டரேட் வாங்கியிருந்தார்.

காத்தான் மெல்ல எழுந்தார். கோப்பையை ஜமக்காளத்தில் வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன், படவில்லை. அதுதான் பார்க்கக் கஷ்டமாக இருந்தது.

"எங்கம்மா அப்பவே சொல்லுச்சு, அங்க போவாதடான்னு. இலையை இறக்கி வச்சுட்டுக் கெளம்பறேன். நீங்கல்லாம் சாப்பிடுங்க. லிசி, இனிமே என்னைக் கூப்பிடாதே தாயி."

அவர் வெளியே போனார். நாற்பது பேரில் ஒருவர்கூடத் தடுக்கவில்லை. மேடம் என் காதருகே குனிந்தார். "எத்தனை கட்டு இலை?"

"ஆறு, மேடம். வரும்போதே எண்ணினேன். பசி."

"ஆறு கட்டு இறக்க எவ்வளவு நேரமாகும்?"

"அவர் தூக்கினா அஞ்சு நிமிஷம். நான் உதவி பண்ணினா அரை மணி நேரம்."

"போ, உதவி பண்ணு."

*

நான் என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக வேலை செய்ததில்லை. முதல் கட்டைத் தூக்கி இரண்டு முறை கீழே போட்டேன். இரண்டாவது கட்டில் இலை கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாவது கட்டின் மேல் உட்கார்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அய்யோ" என்றேன். அது பாதி நிஜம்.

"தம்பி, நீ ஓரமா குந்து," என்றார் காத்தான். "அண்ணன் பார்த்துக்கிறேன்."

"அண்ணே, அந்தக் கப்பு எதுல சுத்தி இருந்துச்சு?"

"ஒரு பழைய வேட்டி. அதுக்குள்ள ஏதோ பட்டுத்துணி. ஏன் கேக்கிறே?"

"சும்மாதாண்ணே."

அவர் நான்காவது கட்டைச் சமையற்கட்டுக்குத் தூக்கிப் போன இடைவெளியில், லாரியின் சாவியை எடுத்து என் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். திருட்டுப் பழியைத் துடைக்கப் போன இடத்தில் நான் ஒரு திருட்டைச் செய்தேன். எங்கள் தொழிலில் இதெல்லாம் சகஜம்.

ஹாலுக்கு ஓடினேன். மேடம் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவா, உள்ள பாரு. அடியில என்ன?"

"அரிசி. ரெண்டு மணி. மஞ்சளா இருக்கு. யாரோ இதுல லெமன் சாதம் சாப்பிட்டிருக்காங்க."

"வேகாத அரிசி. மஞ்சள் தடவின பச்சரிசி. வெளியில பாரு, மூணு இடத்துல குங்குமப் பொட்டு. திருடினவன் திருட்டுச் சாமானுக்குப் பொட்டு வைப்பானா?"

"பக்தியுள்ள திருடனா இருக்கலாம். ஸ்ரீரங்கம் ஆச்சே."

"கோப்பை ஸ்கூலை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடி ஒரு பூஜையில இருந்திருக்கு. காத்தான் பொய் சொல்லலை. சாமிக்குப் பக்கத்துலதான் வச்சிருக்கான்." மேடத்தின் குரலில் சந்தோஷம் தெறித்தது. "அந்தக் கொலுவோட போட்டோ ஒண்ணு இருக்கணுமே. லிசி!"

இருந்தது. தலைமை ஆசிரியை அறையில், பழைய பரிசளிப்பு விழாப் படங்களுக்குப் பின்னால், கலரில். ஏழு படிக் கொலு. பக்கத்தில் ரெட்டை ஜடையோடு ஒல்லியாக ஒரு பெண்.

"இந்தக் கத்தரிக்கோல் யாரு மேடம்?"

"நான்தான். கொலுவைப் பாரு."

நாங்கள் மூவரும் கண்ணாடிச் சட்டத்தின் மேல் கவிழ்ந்தோம். மேல் படியிலிருந்து கீழ்ப் படி வரை மேடம் ஒவ்வொரு பொம்மையாக விரல் வைத்துப் பார்த்தார். தசாவதாரம், செட்டியார், கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் டீம். கோப்பை எங்கும் இல்லை. மேடத்தின் முகம் வாடிவிட்டது. ஜன்னல் வழியே பார்த்தேன். காத்தான் ஐந்தாவது கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

"மேடம், எனக்கு ஒரு சந்தேகம். சாமி விஷயம், கோபிச்சுக்கக் கூடாது."

"சொல்லித் தொலை."

"மேல் படியில நடுவுல இருக்காங்களே பச்சைப் பட்டு கட்டின தாயார், இவங்க மட்டும் ஏன் இடுப்புல கை வச்சுக்கிட்டு முறைக்கிறாங்க? எங்க ஊர் ரேஷன் கடை வரிசையில எங்க அத்தை நிக்கிற மாதிரியே இருக்கு."

"அது பொம்மை இல்லை, அசடே. கலசம். சொம்புல அரிசி போட்டு, மாவிலை சொருகி, தேங்காய் வச்சு, அதுக்குத் தாயார் முகம் பொருத்தி, சொம்பைச் சுத்திப் பாவாடை கட்டி..."

மேடம் நிறுத்தினார். லிசியும் நிமிர்ந்தார்.

"சொம்புக்கு ஏது மேடம் கை?" என்றேன் நான்.

பாவாடையின் இரண்டு பக்கமும், முழங்கை மடித்ததுபோல் புடைத்துக்கொண்டிருந்தது. கோப்பையின் இரண்டு கைப்பிடிகள். ஒன்பது நாளும் ஊர் முழுக்கத் தேடிய சாமான், ஊர் முழுக்க விழுந்து கும்பிட்ட இடத்திலேயே இருந்திருக்கிறது.

"ஏன் அங்க மட்டும் யாரும் தேடலை?" என்று கேட்டேன்.

லிசிதான் சொன்னார். "ஒவ்வொரு பொம்மையா தூக்கிப் பார்த்தோமே. கலசத்தை மட்டும் யாரும் தொடலை. வச்சுட்டா விஜயதசமி வரைக்கும் அசைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. டிரில் மாஸ்டர் மட்டும், நமக்கென்ன, அதையும் பார்த்துடலாம்னு கைய நீட்டினார். அப்போ யாரோ ஒரு பொண்ணு ஓடி வந்து, அது எங்க வீட்டுச் சொம்பு சார், தொடாதீங்கன்னு..."

லிசி பேச்சை முடிக்காமல் மேடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேடம் போட்டோவிலிருந்த ரெட்டை ஜடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிவா," என்றார் மெதுவாக. "ஹால்ல அந்தத் துணிக் குவியல்ல பச்சைப் பட்டு இருக்கான்னு பாரு."

இருந்தது. அரக்கு பார்டர் போட்ட சின்னப் பட்டுப் பாவாடை. போட்டோவில் தாயார் கட்டியிருந்த அதே பாவாடை. மேடம் அதை வாங்கி உள்பக்கத் தையலைப் புரட்டினார்.

"ரெண்டாங்கிளாஸ் தீபாவளிக்கு எனக்கு எடுத்தது."

நான்கு பெட்டியில் எந்தப் பெட்டி என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை. துப்பை நானே தலையில் சுமந்து வந்திருக்கிறேன்.

*

மேடம் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், தனக்கு எதிரான சாட்சியை யாரும் ஸ்பீக்கரில் போடுவதில்லை.

"அம்மா, தொண்ணூத்தி ஏழுல ஸ்கூல் கொலுவுக்குக் கலசம் யார் வச்சா?"

"ஏன், நான்தான் வச்சேன். நன்னா ஞாபகம் இருக்கு. காலம்பறவே சொம்பை எடுத்துண்டு போடின்னு உன்கிட்ட சொன்னேன். நீ மறந்துட்டே. நான் வந்து பார்த்தா சொம்பும் இல்லை, உன்னையும் காணும்."

"நான் அதை எடுக்கத்தாம்மா ஆத்துக்கு ஓடினேன்."

"ராகு காலம் வர்றதுக்குப் பத்து நிமிஷந்தான் இருந்தது. மேஜை மேல பளபளன்னு ஒரு பூச்சாடி. சரி, இதுவே போறும்னு அலம்பி அரிசி போட்டு வச்சுட்டேன். உன் பழைய பாவாடை பையில இருந்தது, கட்டிவிட்டேன். அம்சமா இருந்தா தாயார்."

"அது பூச்சாடி இல்லைம்மா."

"கண்ணாடி போட்டுக்காம வந்துட்டேன்டி. இப்போ எதுக்கு அது?"

"அப்புறம் அதை எங்க வச்சே?"

"விஜயதசமிக்கு வந்து பிரிச்சேன். ஸ்கூல் லீவு. யார்கிட்ட திருப்பித் தர்றது? அடுத்த கொலுவுக்குக் கொடுத்துக்கலாம்னு வேட்டியில சுத்தி நம்ம பெட்டியிலயே போட்டேன். அடுத்த வருஷம் நீ வேற ஸ்கூல் போயிட்டே. ஸ்கூலுக்குக் கொடுக்கிற அந்தப் பெட்டி அப்படியே பரண் மேல போயிடுத்து. ஏன்டி, அந்தச் சாடியை யாராவது தேடினாளா?"

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். "கொஞ்சம் தேடினாம்மா. அப்புறம் பேசறேன்."

எனக்கே ஜோக் வரவில்லை, அதிலிருந்தே நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

"நான் சொம்போட திரும்பி ஓடி வந்தேன் சிவா. அதுக்குள்ள கலசம் ரெடியா நிக்கிறது. அம்மா எதிராத்துல வாங்கி வச்சிருப்பான்னு நெனைச்சுண்டேன். மறந்தது வெளிய தெரிஞ்சா திட்டு விழுமேன்னு, சொம்பைப் புத்தகப் பைக்குள்ள ஒளிச்சு ஆத்துக்குக் கொண்டுபோயிட்டேன். டிரில் மாஸ்டர் கையை நீட்டினப்போ பயத்துல வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆத்துல கொலுப் பேச்சை எடுத்தாலே சொம்புப் பேச்சு வரும்னு, காத்தான் விஷயத்தைக்கூட அம்மாகிட்ட சொல்லலை. ஒரு சொம்பு சிவா. ஒரே ஒரு பித்தளைச் சொம்பு."

"மேடம், இதை நாம இப்படியே விட்டுடலாம்," என்றேன். "பெட்டி மாறிப் போச்சுன்னு..."

"என்ன பேசறே நீ?" அவர் போட்ட அதட்டலில் லிசி ஒரு அடி பின்னால் போனார். "அவன் கிளம்பிடுவான். வா!"

"கிளம்ப மாட்டார்," என்று பாக்கெட்டைத் தட்டிக் காட்டினேன். உள்ளே சாவி சத்தம் போட்டது.

*

காத்தான் லாரிக்கு அடியில், சீட்டுக்குக் கீழே, சட்டைப் பையில் என்று எல்லா இடத்திலும் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். மேடம் ஒரு கையில் கோப்பை, ஒரு கையில் பாவாடையோடு போய் எதிரே நின்றார். லிசி கூப்பிட்ட குரல் கேட்டு வகுப்பு முழுக்க வெளியே வந்துவிட்டது.

மேடம் வழக்கமாக வழக்கை முடிக்கும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தபடி பேசுவார். அன்றைக்கு நடக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று, சொம்பை மறந்ததிலிருந்து பாவாடை வரை, ஒன்றையும் விடாமல் சொன்னார். கடைசியில், "கோப்பை எங்காத்துப் பரண்லதான் இருந்தது காத்தான். நான் சொன்ன பொய்யாலதான் உன்னை அனுப்பிட்டா. நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும். அதையும் நான் எழுந்து நின்னு சொல்லலை. என்னை மன்னிச்சுடு" என்றார். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. துடைக்கவில்லை.

முதலில் வாயைத் திறந்தது வரது. கரும்பலகைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"நான் பார்த்தது நிஜம்டா காத்தான். உன் கையில கோப்பை இருந்தது. அவ்வளவுதான் பார்த்தேன். மீதியை நானே சேர்த்துண்டேன். இன்னைக்கும் அதையேதான் பண்ணினேன்."

காத்தான் இருவரையும் பார்க்கவில்லை. பாவாடையை வாங்கினார், கோப்பையைச் சுற்றிக் கட்டினார், லாரியின் பானெட்டில் வைத்தார். இரண்டு பக்கமும் கை புடைத்துக்கொண்டு நின்றது.

"ஒம்போது நாளும் இப்படித்தான் நின்னுச்சா?"

"ஆமா."

"வரது, நீ கும்பிட்டியா?"

"தினம். மூணு தடவை விழுந்து சேவிச்சேன். கோப்பை கிடைக்கணும்னு வேண்டிண்டேன்டா."

காத்தானின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். வாழை மண்டியில் ஏலம் விடும் தொண்டையில் சிரித்தார். சிரித்துக்கொண்டே போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டார்.

"யம்மா! கப்பு கெடைச்சிருச்சு. ஆமாம்மா, அந்தக் கப்புதான். யாரு எடுத்து வச்சிருந்தா தெரியுமா? ஆத்தாதான்! முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நின்னுக்கிட்டிருந்திருக்கா!"

மறுமுனையில் அவர் அம்மா இருசம்மாளின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. "சமயபுரத்துல நான் எத்தனை வருஷம் பச்சைப்பட்டினி விரதம் இருந்து கேட்டேன்! அவகிட்டயேவா இருந்துச்சு? நல்லா இருக்குடா நியாயம்! சரி, நீ சாப்பிட்டியா?"

"இனிமேதாம்மா."

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் மேடத்துக்கு மூச்சு வந்தது. எனக்கும்தான். சாவியை எடுத்துப் பானெட்டில் தாயார் காலடியில் வைத்தேன்.

"நீதான் எடுத்தியா தம்பி?"

"விசாரணை முடிஞ்சதும் ஒப்படைச்சுட்டேன்ணே. பதிவேட்டுல எழுத வேண்டாம்."

பதிவேடு என்றதும் லிசிக்கு ஏதோ தோன்றியது. உள்ளே ஓடிப்போய் எடுத்து வந்தார். பச்சை மை பேனாவை மூடி கழற்றி, சிவப்புக் கோட்டுக்கு மேலே எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். வகுப்பு அதுவாகவே வரிசையில் நின்றது. வரது போய்க் கடைசி இலைக்கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு, தள்ளாடிக்கொண்டே வரிசையில் சேர்ந்தார்.

"பதிமூன்று," என்றார் லிசி. யாரோ "உள்ளேன் டீச்சர்" என்றார்கள்.

"பதினான்கு. காத்தான்."

ஆறடி மனிதர் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார், கையைக் கட்டிக்கொண்டார். தொண்டையை இரண்டு முறை செருமினார். மேடத்தைப் பார்த்தார்.

"உள்ளேன் டீச்சர்," என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "டேய் வரது, இலையைப் போடுடா. பசிக்குது."